தக்கை தெரிய ஒரு கண்ணாடி: தெஹியோவிட்டவிலிருந்து மூன்று ஊர்கள்

எழுதுமுன் வரிசையைச் சொல்லிவிடுவது என் பழைய பழக்கம். ரப்பர் தோட்டத்து ஆபீஸில் முப்பத்தாறு வருடம் கிளாக்கராக இருந்தவனுக்கு, மேலே தலைப்புகள் இல்லாத காகிதத்தில் எழுதக் கை வராது. ஆகவே:

1. ஏன், எப்போது புறப்பட்டேன்.
2. அவிசாவளை, இரத்தினபுரி, மாவனல்லை: பஸ், நேரம், செலவு.
3. போலரைஸ்ட் கண்ணாடியைக் கடையிலேயே சோதித்துப் பார்க்கும் முறை.
4. எந்தத் தண்ணீருக்கு எந்த நிறம்.
5. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று என் தூண்டில் தோழர் மாணிக்கம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்.
6. நீங்கள் போவதானால்.

ஆறாவதுக்காக மட்டும் வந்தவர்கள் நேரே கீழே போய்விடலாம். மற்றவர்கள் பொறுமையாக வாருங்கள். எனக்கு வயது எழுபத்தொன்று, நடையும் எழுத்தும் மெதுவாகத்தான் வரும்.

என் வீடு தெஹியோவிட்ட சந்தியிலிருந்து தெரணியகல வீதியில் ஒன்றரைக் கிலோமீற்றர். அங்கிருந்து பத்து நிமிடம் இறங்கினால் சீதாவக்கை கங்கை. வாரத்தில் இரண்டு நாள் நானும் மாணிக்கமும் அங்கே தூண்டில் போடுவோம். மாணிக்கம் அதே தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். மலையில் பால்வெட்டுகிறவர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. முப்பது வருடம் மாலைதோறும் ஆள்கணக்கு எழுதிய செக்ரோலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனவர். ஓய்வுபெற்ற பிறகு ஒன்பது வருடமாக ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறோம். ஆனாலும் "ஐயா" என்பதை அவர் விடவில்லை. நான் எதைச் சொன்னாலும் "நீங்க சொன்னா சரிங்க" என்பார். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

2008 ஜனவரியில் கொழும்பிலிருந்து ஒரு இஞ்ஜினியர் ஏதோ மின்சாரத் திட்டத்துக்கு இடம் பார்க்க வந்தார். ஓய்வு நேரத்தில் எங்கள் பாறைக்குத் தூண்டிலோடு வந்து நின்றார். நல்ல மனிதர். காலை ஒன்பதரை வெயிலில் தண்ணீர் தகரம் போலப் பளபளத்துக்கொண்டிருந்தது. நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தவிப்பதைப் பார்த்து, தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். என் மூக்குக் கண்ணாடிக்கு மேலேயே பிடித்துப் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே கிடந்த அந்தத் தகரம் காணாமல் போய்விட்டது. கீழே மணல், மணலில் ஒரு கல், கல்லின் நிழலில் அசையாமல் நிற்கும் மூன்று திலாப்பியா. எடுத்தேன், மறுபடி தகரம். வைத்தேன், மறுபடி மீன். இப்படி நான்கு தரம். அவர் சிரித்தார். விலை கேட்டேன். சிங்கப்பூரில் வாங்கியதாம், நம் காசுக்கு ஒன்பதாயிரம் ரூபா. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் விளக்கியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் பெரும்பாலும் கிடையாக அசைகிறது. போலரைஸ்ட் கண்ணாடி அந்தக் கிடையான வெளிச்சத்தை மட்டும் மறித்துவிட்டு மற்றதை உள்ளே விடுகிறது. சாதாரணக் கறுப்புக் கண்ணாடி எல்லாவற்றையும் ஒரே அளவாக மங்கலாக்குகிறது. கூச்சம் குறையும், மீன் தெரியாது.

இனி மாணிக்கத்தின் சங்கதி. முந்தைய டிசம்பரிலிருந்தே அவர் மீன்களைத் தவறவிட்டுக்கொண்டிருந்தார். தக்கை இடப்பக்கம் மிதந்து போனால் அது அமிழ்வது அவருக்குத் தெரியவில்லை. நான் "மாணிக்கம், இழுங்க!" என்று கத்தும்போது இரை போயிருக்கும். ஒருநாள் இடது கால் பாறையில் இடறி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். அடிக்கடி இடது புருவத்தைத் தேய்ப்பார்.

"வெயில் கூசுதா மாணிக்கம்?" என்று கேட்டேன்.

"வெயில்தானுங்களே ஐயா" என்றார்.

நான் கேட்ட கேள்விக்குள்ளேயே பதில் இருந்தது. அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை. வெயில்தான் காரணம் என்று முடிவு செய்துகொண்டு, அவருக்கும் எனக்கும் மலிவாக ஆளுக்கொரு போலரைஸ்ட் கண்ணாடி வாங்குவதென்று பெப்ரவரி தொடக்கத்தில் தீர்மானித்தேன். வாங்குமுன், எந்த நேரத்தில் என்ன தெரியவில்லை என்பதை ஒரு கொப்பியில் இலக்கமிட்டு எழுதினேன். கடைக்காரர் கேட்டால் சொல்ல வேண்டுமே. ஏழாவது குறிப்பு மாணிக்கத்தின் மனைவி ராசம்மா சொன்னது.

"பொழுது சாஞ்சு பல்ப்பப் போட்டா அதச் சுத்தி வானவில்லு தெரியுதாம் இவருக்கு. எனக்கு ஒரு நாளும் தெரிஞ்சதில்ல. நல்லதெல்லாம் இவரு கண்ணுக்குத்தான் தெரியும்."

"ஒன்னத் தெனம் பாக்குற கண்ணுக்கு வேற என்னா சம்பளம்?" என்றார் மாணிக்கம்.

மூவரும் சிரித்தோம். நான் "7. மாலையில் விளக்கைச் சுற்றி வட்டம்" என்று எழுதிக்கொண்டேன்.

தோட்டத்து ஆபீஸில் ஒரு சாமான் வாங்குவதென்றால் மூன்று இடத்தில் விலை கேட்டு எழுத்தில் கொட்டேஷன் எடுக்க வேண்டும். மூன்றும் வராமல் தோட்டத்து மனேஜரான பெரிய துரை கையெழுத்து வைக்கமாட்டார். மண்வெட்டியானாலும் சரி, ஜெனரேட்டரானாலும் சரி. அந்தச் சட்டம் ஆபீஸோடு முடிந்தது, ஆனால் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. "அவசரப்பட வேண்டாம் மாணிக்கம். மூன்று ஊரில் விசாரிச்சு, எது சரியோ அதை எடுப்போம். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றேன்.

"நீங்க சொன்னா சரிங்க ஐயா."

"ஒரு கண்ணாடிக்கு மூணு ஊரா?" ராசம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "எனக்கு மாப்பிள்ள பாத்தப்பக்கூட எங்கப்பா ஒரு ஊர்லதான் விசாரிச்சாரு."

"எங்கப்பா அதையும் செய்யல. எம் பொழப்பப் பாருங்க ஐயா" என்றார் மாணிக்கம்.

முதல் ஊர் அவிசாவளை. பெப்ரவரி 6, புதன்கிழமை. தெஹியோவிட்ட சந்தியில் 8.15 பஸ், 12 கிலோமீற்றர், டிக்கட் 22 ரூபா. யுத்த காலம்; வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த ஆமிக்காரர் இளம் பிள்ளை, மரியாதையாகவே "எங்கே போகிறீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். "கண்ணாடி வாங்க" என்றேன். என் முகத்தில் இருந்த கண்ணாடியை ஒருமுறை பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அந்த ஐந்து நிமிடத்துக்கு என் சட்டை நனைந்துவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை, நான் அப்படிப்பட்ட ஆள், அவ்வளவுதான்.

அவிசாவளை பஸ் நிலையத்துக்கு வெளியே நடைபாதையில் நூறு கண்ணாடியாவது தொங்கிக்கொண்டிருந்தது. 250 ரூபா. "இதில் போலரைஸ்ட் எது?" என்று கேட்டேன். "எல்லாமே, மாத்தயா" என்றார் விற்றவர். ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது உண்மைதான். போட்டுப் பார்த்தால் உலகம் கறுத்தது. பக்கத்துக் கடைக் கண்ணாடிக் கதவின் பளபளப்பு அப்படியே இருந்தது. எப்படிச் சோதிப்பதென்று அன்று எனக்குத் தெரியாது. ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் நல்லதென்று காட்டினார்கள், 3,800 ரூபா. இரண்டையும் எழுதிக்கொண்டு பகல் 12.40க்கு வீடு வந்துவிட்டேன்.

அடுத்த புதனே இரத்தினபுரி போயிருக்கலாம். போகவில்லை. அந்த நாட்களில் பஸ்களில் குண்டு வெடித்ததாக வந்த செய்திகள் உங்களுக்கு நினைவிருக்கும். வானொலியில் ஒன்றைக் கேட்டால் நான் ஒரு வாரம் வீட்டை விட்டு இறங்கமாட்டேன். எச்சரிக்கை என்று அப்போது பெயர் வைத்திருந்தேன். பயம் என்றே எழுதிவிடுகிறேன். இப்படி மூன்று வாரம் போயிற்று.

பெப்ரவரி 27 காலை 6.50 பஸ்ஸில் அவிசாவளை. மாணிக்கம் பஸ் ஹோல்ட் வரைக்கும் வந்தார். அவிசாவளையில் 7.45க்கு இரத்தினபுரி பஸ். 42 கிலோமீற்றர், ஒன்றரை மணித்தியாலம், டிக்கட் 58 ரூபா. இடப்பக்கம் ஜன்னலோரம் கிடைத்தால் எஹலியகொடைக்குப் பிறகு மலைகள் நன்றாகத் தெரியும்.

இரத்தினபுரியில் காலைவேளையில் மாணிக்கக்கல் வியாபாரிகள் தெருவிலேயே நிற்பார்கள். அந்தப் பக்கம் ஒரு வயதானவர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தயங்கித் தயங்கி நடந்தால் என்ன நினைப்பார்கள்? கல் விற்க வந்திருக்கிறார் என்றுதான். எட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். "காட்டுங்க மாத்தயா, பயப்படாதீங்க, நல்ல விலை" என்று சிங்களத்தில் ஒரே சத்தம். பையிலிருந்து கொப்பியை எடுத்து, போலரைஸ்ட் கண்ணாடி தேடுகிறேன் என்றேன். தெருவே சிரித்தது.

ஆனால் அவர்களில் ஒருவர் சிரித்து முடித்துவிட்டு என்னோடு கடைவரை வந்தார். கல்லைச் சோதிக்க இரண்டு போலரைஸ்ட் தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பார்ப்பது அவர்கள் தொழிலில் உண்டாம். கடையில் இரண்டு கண்ணாடிகளை வாங்கி ஒன்றின் முன் ஒன்றைப் பிடித்து, ஒன்றை மெல்லத் திருப்பினார். கால் சுற்று வந்ததும் இரண்டும் சேரும் இடம் கரிபோல இருண்டது. "இது அசல்" என்றார். வேறு இரண்டை எடுத்து அதேபோலத் திருப்பினார். எப்படித் திருப்பினாலும் ஒரே மங்கல்தான். "இது வெறும் கறுப்பு." கடைக்காரருக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் தன் கல்குலேட்டரை நீட்டி, "அசலை வைத்து இதைப் பாருங்கள்" என்றார். கண்ணாடியைத் திருப்பத் திருப்ப ஒரு கோணத்தில் இலக்கங்கள் மறைந்தன. மூன்றாவது தலைப்பில் சொல்ல நினைத்தது இவ்வளவுதான்: ஸ்டிக்கரை நம்ப வேண்டாம், கடைக்காரரின் கல்குலேட்டரை நம்புங்கள்.

அந்தக் கடையில் அசல் கண்ணாடி 1,100 ரூபா. சாம்பல் நிறம் மட்டும்தான் இருந்தது. என் சட்டைப் பையில் 2,500 இருந்தது. வாங்கவில்லை. மூன்றாவது கொட்டேஷன் வரவில்லையே.

அதற்குப் பிறகு மறுபடி மூன்று வாரம். அந்த இடைவெளியில் மாணிக்கம் பாறைக்கு வருவதையே குறைத்துவிட்டார். வந்தாலும் தூண்டிலைப் போடாமல் என் தக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். "கண்ணாடி வரட்டுங்க ஐயா, அப்புறம் பாருங்க" என்பார். நெற்றிக்குப் பூச நான் தைலம் கொடுத்தேன்.

மார்ச் 19, மாவனல்லை. மலிவாகவும் ரகரகமாகவும் சாமான் கிடைக்கும் ஊர் என்று தபால் கந்தோரில் ஒருவர் சொல்லியிருந்தார். 6.30க்குக் கரவனல்லை பஸ், அங்கிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாகக் கேகாலை 34 கிலோமீற்றர், வளைவுகள் அதிகம், ஒன்றரை மணித்தியாலம். கேகாலையிலிருந்து கண்டி பஸ்ஸில் மாவனல்லை 11 கிலோமீற்றர், இருபத்தைந்து நிமிடம். டிக்கட் எல்லாம் சேர்த்து 104 ரூபா. இறங்கும்போது 9.50.

பஸ் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், கைக்கடிகாரமும் கண்ணாடியும் விற்கும் ஒரு சின்னக் கடை. முதலாளிக்கு ஐம்பது வயதிருக்கும். பக்கத்துக் கடைக்காரர்கள் ஜவ்பர் நானா என்று கூப்பிட்டார்கள்.

"வாங்க ஐயா, இரிங்க. எங்க இருந்து வாறீங்க?"

"தெஹியோவிட்ட."

"அல்லாஹ்! கண்ணாடிக்கா அவ்வளவு தூரம்? எங்கட ஊர்க்காரங்க அடுத்த தெருவில இருந்தே வாறாங்க இல்ல."

தேவையைச் சொன்னேன். ஆறு சோடி எடுத்து வைத்தார். ஒவ்வொன்றாக அவருடைய கல்குலேட்டரில் சோதித்தேன். பிறகு இரண்டு இரண்டாகக் குறுக்கே பிடித்தேன். நாலு தேறியது, இரண்டு தேறவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தவர், "ஐயா வாங்க வந்தீங்களா, கடைய ரெய்ட் பண்ண வந்தீங்களா?" என்று கேட்டார். தேறாத இரண்டையும் தானே எடுத்து ஒதுக்கி வைத்தார்.

பக்கங்களை மூடி வளைந்த சட்டம், தேன் நிறக் கண்ணாடி, 850 ரூபா. என் மூக்குக் கண்ணாடிமேல் மாட்டுகிற கிளிப் வகை 600. இரத்தினபுரியைவிட 250 ரூபா குறைவு, நிறமும் நான் தேடியது. என் முறை பலித்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

"இது யாருக்கு? மகனுக்கா?" சுற்றிக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"கூட்டாளிக்கு. வெயில் கூச்சம். எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்" என்று கொப்பியைத் திறந்து வாசித்தேன். கொஞ்சம் பெருமையாகத்தான் வாசித்தேன். ஏழாவதை வாசித்ததும் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"அந்தக் கடைசிய இன்னொருக்கா வாசிங்க."

"மாலையில் விளக்கைச் சுற்றி வட்டம்."

"விளக்கு வெச்சதுக்குப் பொறகு ஏது ஐயா வெயில்?"

ஆறு வாரம் அந்த வரி என் பையில் இருந்தது. எத்தனையோ தரம் வாசித்திருந்தேன்.

"என்ட வாப்பாவும் இப்பிடித்தான் செல்லிக்கொண்டு ஈந்தார். வட்டம் வட்டமாத் தெரியுதாம், புருவம் நோவுதாம். நாங்க சிரிச்சம். ஒரு கண் போனதுக்குப் பொறகுதான் டொக்டருக்கிட்ட கூட்டிக்கொண்டு போனம். கண்ணுக்குள்ள பிரஷர் கூடுற வருத்தம்." பொதியை என் பக்கம் தள்ளினார். "கண்ணாடிய எடுத்துக்கொண்டு போங்க. ஆனா நாளைக்கு அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்க. அடுத்த புதன் இல்ல ஐயா. நாளைக்கு."

திரும்பும் வழியில் மூன்று பஸ் மாறினேன். எதுவும் நினைவில்லை, நேரங்களைக்கூட எழுதவில்லை. இந்தக் கட்டுரையில் திரும்பும் நேரம் இல்லாததற்கு அதுதான் காரணம்.

மறுநாள் காலை மாணிக்கத்தோடு இரத்தினபுரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் மூன்று மணித்தியாலம். கண் டொக்டர் இளம் பெண். இரண்டு கண்ணிலும் அழுத்தம் பார்த்தார், விளக்கடித்துப் பார்த்தார், ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணால் விரலை எண்ணச் சொன்னார். வலது கண்ணைப் பொத்தியபோது மாணிக்கம் "விரலைக் காட்டுங்க மிஸ்ஸி" என்றார். டொக்டர் விரலைக் காட்டிக்கொண்டுதான் இருந்தார்.

சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். இடது கண்ணின் நரம்பு ஏறக்குறைய முழுவதும் கெட்டுவிட்டது; போன பார்வை திரும்பாது. வலது கண்ணில் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, அதைக் காப்பாற்றலாம். சொட்டு மருந்து, பிறகு லேசர். மாணிக்கம் தலையாட்டினார். நான் கேட்டேன், கேட்காமல் இருந்திருக்கலாம்: "ஒரு மாதம் முந்தி வந்திருந்தால்?"

டொக்டர் தன் குறிப்பை மறுபடி பார்த்தார். "இடது கண்ணில் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். நிச்சயமாகச் சொல்ல முடியாது" என்றார்.

அந்த "கொஞ்சம்" எவ்வளவு என்று இப்போதும் என்னால் கணக்குப் பார்க்க முடியவில்லை. தக்கை அமிழ்வது தெரியும் அளவா, விடிந்தது தெரியும் அளவா?

வெளியே வந்து மர வாங்கில் உட்கார்ந்தோம். "மத்தது இருக்குங்களே ஐயா. தூண்டில் போட ஒரு கண்ணு போதும். ரெண்டு கண்ணு இருக்கிறவங்க என்னத்தப் புடிச்சிட்டாங்க?" என்றார் மாணிக்கம். அவருக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டிய இடம் அது.

நான்காவது தலைப்பு, நிறம். லேசருக்குப் பிறகு, டொக்டர் சம்மதித்ததும், ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு தெளிந்த காலையில் பாறைக்குப் போனோம். மாணிக்கம் தேன் நிறக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எப்பிடிங்க, தொரை மாதிரி இருக்கேனுங்களா?" என்றார். "துரையின் டிரைவர் மாதிரி" என்றேன். இப்போது நான் அவருடைய இடப்பக்கம் உட்காருகிறேன். அந்தப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. சிறிது நேரம் தண்ணீரையே பார்த்திருந்தவர் குரலைத் தாழ்த்தி, "ஐயா, அந்தக் கல்லுக்குக் கீழ ரெண்டு நிக்குது. ஒண்ணு பெரிசு" என்றார். இருந்தது. எட்டரை மணிக்குப் பெரியது மாட்டியது, முக்கால் கிலோ திலாப்பியா. கண்ணாடி நன்றாகவே வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரைக்கு நியாயம் இல்லை.

மரநிழல் விழுகிற எங்கள் கங்கை மாதிரி இடங்களுக்குத் தேன் நிறமோ செம்பு நிறமோ எடுங்கள். மங்கலான வெளிச்சத்திலும் அடிமணலும் மீனும் பிரிந்து தெரியும். வெட்டவெளிக் குளத்துக்கும் நடுப்பகல் வெயிலுக்கும் சாம்பல் நிறம் சுகம். மிகக் கறுத்தது வேண்டாம். பாறையில் கால் வைக்கும் இடம் தெரியாது. மழை பெய்து கங்கை கலங்கிவிட்டால் எந்தக் கண்ணாடியும் உதவாது. அன்று வீட்டில் இருங்கள்.

ஐந்தாவது. இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. பழியை அவர்மேல் போடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் அந்த ஆறு வாரத்தில் மாணிக்கம் "ஐயா, ஒருக்கா டொக்டரிடம் காட்டவேண்டும்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கொட்டேஷனை எல்லாம் தூக்கி எறிந்திருப்பேன். நான் கேட்காதது பிழை. அவர் சொல்லாததும் எங்கள் துரதிர்ஷ்டம். அவர் சுபாவம் அப்படி.

நீங்கள் போவதானால்: மாவனல்லைக்கே நேராகப் போங்கள். காலை 6.30 பஸ்ஸைத் தவறவிட்டால் கேகாலைக்கு அடுத்த இணைப்புக்கு முக்கால் மணித்தியாலம் நிற்க வேண்டும். ஆளுக்கு 1,200 ரூபாவும் பஸ் காசும் போதும். அடையாள அட்டையை மேல்பையில் வையுங்கள். சாவடியில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள். நடைபாதை 250 ரூபாக் கண்ணாடியை வாங்கி ஏமாற வேண்டாம். கண்ணாடிக்கு ஒரு கயிறு கட்டுங்கள், குனியும்போது கங்கை எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் முதலில், கண் கூசுகிறது, புருவம் வலிக்கிறது, ஒரு பக்கம் தெரியவில்லை, விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்று யாராவது சொன்னால், கடைக்குப் போகாதீர்கள். கண் கிளினிக்குக்குப் போங்கள். கண்ணாடியை எப்போதும் வாங்கலாம்.

இத்தோடு முடித்திருந்தேன். அவரைப் பற்றி எழுதியதால் அவர் சம்மதம் வேண்டுமென்று நேற்றுப் பகல் மாணிக்கத்தின் வீட்டுக்குப் போய் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கடைக்காரர் ரெய்ட் என்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். வாசித்து முடித்ததும், "எல்லாம் சரிங்க ஐயா" என்றார்.

அடுப்படியிலிருந்து ராசம்மா வெளியே வந்தார். "என்னா சரி? அந்த அஞ்சாவது சரியா?"

"விடு புள்ள."

"என்னத்த விடுறது? கிளாக்கர் ஐயா, நீங்க ரத்தினபுரிக்கு வெல கேக்கப் போனீங்களே, அன்னைக்கு இவரு விடிய எந்திரிச்சு வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு, ஐடென்டிட்டி காட்டையும் எடுத்துக்கிட்டுத்தான் ஹோல்ட்டுக்கு வந்தாரு. ஐயாவோட போயி பெரியாஸ்பத்திரியில கண்ணக் காட்டிட்டு வந்துர்றேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. அர மணித்தியாலத்துல திரும்பி வந்து சட்டையக் கழட்டி மடிச்சு வச்சாரு. என்னாங்கன்னு கேட்டேன். ஐயா வேணாங்கிறாரு, கண்ணாடி வந்த பொறகு பாத்துக்கலாமாம்னாரு."

மாணிக்கம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்கு நினைவு வந்தது. அவர் கேட்டார். "நானும் வரவாங்க ஐயா? அப்பிடியே ஆஸ்பத்திரியில கண்ணக் காட்டிக்கலாம்" என்று கேட்டார். சாவடியில் இரண்டு பேராக நின்றால் இரண்டு மடங்கு கேள்வி வரும் என்ற பயத்தில், "இன்றைக்கு விலை மட்டும்தான் மாணிக்கம். முதலில் கண்ணாடி வரட்டும்" என்றேன். "நீங்க சொன்னா சரிங்க" என்றார். பஸ் வந்தது. எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாங்கள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற நாளுக்கு இருபத்திரண்டு நாள் முந்தி அது.

ஆபீஸில் பிழையான வரியைச் சுரண்டி அழிக்க விடமாட்டோம். வாசிக்கத் தெரியும்படி ஒரு கோடு மட்டும் கிழித்து, சரியானதை எழுதி, எழுதியவன் கையெழுத்து வைக்க வேண்டும். இங்கே கோடு கிழிக்க எனக்குத் தெரியவில்லை. அதனால் ஐந்தாவது தலைப்பை மேலே எழுதியபடியே விட்டிருக்கிறேன். அது பிழை. மாணிக்கம் சொன்னார், நேரத்தோடு, தெளிவாக, என்னிடம் சொன்னார்.